பழவேற்காட்டிலிருந்து ஒரு பார்சல்

மலேசியாவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஆண்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு ஒரு பெயர் உண்டு: 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால்? நம்ம பழவேற்காடுதான்! பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தால் ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடும் அதே பழவேற்காடு. டச்சுக்காரன் வாயில் 'பலியகட்டா' ஆகி, இங்கிலீஷ்காரன் வாயில் 'புலிக்காட்' ஆகி, மலாய்க்காரர் இடுப்பில் பெலிக்காட் ஆகிவிட்டது. நம் ஊர் ஜவுளிக்கடையிலேயே 'பாளையக்காட் லுங்கி' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இந்த ஊர்ப் பெயரின் இன்னொரு திரிபுதான்.

இந்தத் துணியை நெய்தது எந்தத் தொழிற்சாலை? தொழிற்சாலையே கிடையாது. வீடு! வீட்டுக்குள்ளே ஒரு தறி. அப்பா நெய்ய, அம்மா நூல் சுற்ற, பிள்ளைகள் இழை எடுத்துக் கொடுக்க, அந்த வீட்டு வாசலைத் தாண்டிய துணி கடல் கடந்து ஜாவாவுக்குப் போனது. வாங்கியவரை நெய்தவர் பார்த்ததில்லை. நெய்தவரை வாங்கியவரும் பார்த்ததில்லை.

இப்போது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவருக்கு உருக்காலையில் ஷிப்ட். உங்கள் கையில் ஒரு செல்போன், சமையலறையில் அம்மா சொல்லிக்கொடுத்த இட்லிப்பொடி, அல்லது அலமாரியில் நாலு காட்டன் புடவை. 'ஆன்லைன்ல போட்டு வித்தா என்ன?' என்று ஒரு யோசனை. முகம் தெரியாத ஆளுக்கு வீட்டிலிருந்தே சரக்கு விற்பது புது விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் நானூறு வருஷமாகப் பாடம் காத்திருக்கிறது.

பழவேற்காட்டுக்கு முதலில் வந்த ஐரோப்பியர் போர்ச்சுக்கீசியர். பிறகு 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். போர்ச்சுக்கீசியர் சும்மா இருப்பார்களா? அடித்து நொறுக்கினார்கள். உடனே கோட்டை கட்டும் வேலை ஆரம்பித்து, 1613-ல் 'கெல்ட்ரியா' எழுந்தது. வெம்மர் வான் பெர்ஷெம் என்ற டச்சு அதிகாரி தன் சொந்த மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்தார். (ஊர்ப் பாசம் நமக்கு மட்டும்தானா!)

டச்சுக்காரர்களுக்கு உண்மையில் துணி மேல் ஆசை இல்லை. அவர்கள் தேடியது ஜாதிக்காய், கிராம்பு. அது கிடைப்பதோ இந்தோனேசியத் தீவுகளில். அங்கே வெள்ளிக் காசை நீட்டினால் தீவுக்காரர்கள் பெரிதாக மசியவில்லை. 'சோழமண்டலக் கரைத் துணி இருக்கா?' என்றுதான் கேட்டார்கள். அதனால்தான் துணிக்காக இங்கே கோட்டை.

சோழமண்டலக் கரையின் துணிக்கு அப்படி என்ன மவுசு? முக்கியமாகச் சாயம். மணற்பாங்கான இந்தக் கரையோரத்தில் விளைந்த சாயவேர் என்ற சின்னச் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பு, துவைக்கத் துவைக்க மங்காது. ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒவ்வொரு ருசி. ஒரு தீவில் சிவப்புக் கரை வேண்டும், இன்னொரு தீவில் சின்னக் கட்டம் வேண்டும். படேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, நிறம் இது, எண்ணிக்கை இத்தனை என்று ஆர்டர் பட்டியல் கோட்டைக்கு வரும். கூடவே மாதிரித் துணியும். அந்த மாதிரி இடைத்தரகு வியாபாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து கிராமத்துத் தறிக்குப் போகும். 'எனக்குப் பிடிச்ச டிசைன் இதுதான்' என்று நெசவாளர் பிடிவாதம் பிடித்திருந்தால் துணி வீட்டிலேயே கிடந்திருக்கும். நீங்களும் ஐம்பது புடவையை மொத்தமாக வாங்கி அடுக்குவதற்கு முன்னால் ஐந்தை மட்டும் படம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எது நகருகிறது என்று வாங்குபவரே சொல்லிவிடுவார்.

நெய்து முடித்த துணி கோட்டைக்கு வந்ததும் மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிப்பார்கள். தேறாதது திரும்பிவிடும். ஆமாம், 'ரிட்டர்ன்' என்று இன்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அது அன்றே உண்டு. நஷ்டம் கடைசியில் யார் தலையில் விடியும்? அன்றும் வீட்டில் நெய்தவர் தலையில்தான்.

இந்த இடத்தில் ஓர் ஆளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சுதப்பச் செட்டி. டச்சு ஆவணங்களில் இவர் பெயர் 'மலையா'. டச்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர், கொஞ்ச காலத்திலேயே அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் பெரும் வியாபாரியாகி, சொந்தக் கப்பலும் ஓட்டி, 1634-ல் இறக்கும்போது இந்தக் கரையின் அசைக்கமுடியாத புள்ளி. அவருக்குப் பிறகு தம்பி சின்னண்ணா. நெசவாளருக்கு வாங்குபவர் மொழி தெரியாது. வாங்குபவருக்கு நெசவாளர் வீடு தெரியாது. இருவரையும் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இன்று உங்கள் செல்போனில் இருக்கும் விற்பனைத் தளங்கள் செய்வதும் இந்த மலையா வேலைதான். கமிஷன் எடுக்கிறார்களே என்று திட்டிப் பிரயோஜனமில்லை. வாடிக்கையாளரைக் கூட்டி வருவது அவர்கள். ஆனால் ஒரே மலையாவை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சரித்திரம் கொஞ்சம் கொடூரமாகவே சொல்கிறது.

நெசவாளருக்குக் கையில் முதல் கிடையாது. வியாபாரி கொடுக்கும் முன்பணத்தில்தான் நூல் வாங்க வேண்டும், சோறும் பொங்க வேண்டும். பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்று ஆய்வாளர், தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றிய தன் ஆய்வில் ஓர் ஆச்சரியமான வழக்கத்தை எடுத்துக் காட்டுகிறார். முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறு ஆள் நல்ல விலை கொடுத்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ளலாம். ஆனால் முன்பணம் கொடுத்த வியாபாரி அப்படிக் கழன்றுகொள்ள முடியாது! டச்சு, இங்கிலீஷ், பிரெஞ்சு என்று வாங்குவதற்குப் பல பேர் போட்டி போட்டவரை நெசவாளர் கை ஓங்கியே இருந்தது. 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கம்பெனி ராஜ்ஜியமே நடத்த ஆரம்பித்ததும் கதை மாறியது. இடையில் இருந்த வியாபாரிகளை ஓரங்கட்டிவிட்டு, தன் குமாஸ்தாக்களை நேராகத் தறிக்கு அனுப்பியது. 'பணத்தைத் திருப்பித் தர்றேன், ஆளை விடுங்க' என்றால் நடக்காது. நெய்துதான் ஆக வேண்டும், அதுவும் கம்பெனி சொன்ன விலைக்கு. ஒரே தலைமுறையில் கை இறங்கிவிட்டது. நெசவு மோசமானதால் அல்ல, வாங்குகிற ஆள் ஒருவன்தான் என்று ஆகிவிட்டதால்.

அதனால் சொல்கிறேன், எத்தனை பெரிய தளத்தில் விற்றாலும், உங்களிடம் வாங்கியவர்களில் பத்துப் பேராவது உங்களை நேராகக் கூப்பிட்டு வாங்குகிறவர்களாக இருக்கட்டும். அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் எண் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

கெல்ட்ரியா கோட்டையின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 17-ம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருஷங்களில், துணி போன அதே துறைமுகம் வழியாக மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பசிக்குத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் இருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளின் அழகான வேலைப்பாட்டைப் பார்த்து வியக்கும்போது, கல்லறையே இல்லாமல் போன அந்தக் கூட்டத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். இந்தக் கட்டம் போட்ட துணியின் பெருமை எவ்வளவு பரவியதென்றால், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே போலி நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பெயரும் வெட்கமில்லாமல் 'புலிக்கேட்'! பக்கத்து ஊர் சென்னையின் பெயரில் போன 'மெட்ராஸ் கைக்குட்டை' நைஜீரியா வரை போய், கலபாரி மக்களின் கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் இடம் பிடித்தது. அவர்கள் அதை 'இன்ஜிரி' என்பார்கள். போலி நிறைய வந்ததால்தான் அசல் சரக்குக்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று 'ரியல்' சேர்க்க வேண்டி வந்தது. நீங்களும் உங்கள் பொடிக்குப் பெயர் வைக்கும்போது யாரும் வைக்காத பெயராக வையுங்கள். கொஞ்சம் ஓட ஆரம்பித்தால் வர்த்தகச் சின்னமாகப் பதிந்துவிடுங்கள்.

மெட்ராஸ் துணியைப் பற்றி ஜவுளி வட்டாரத்தில் சொல்லிச் சொல்லி மகிழும் கதை ஒன்று உண்டு. 1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வருகிறார். ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரைச் சந்திக்கிறார். நல்லெண்ணெயும் இயற்கைச் சாயமும் மணக்கும் கட்டம் போட்ட துணி பிடித்துப்போகிறது. கஜம் ஒரு டாலர். நாயர் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புகிறார்: 'பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும்.' ஜேக்கப்சன் பத்தாயிரம் கஜத்தை நியூயார்க்கின் பிரபல புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்!

அப்புறம் என்ன... சீமான்கள் எல்லாம் சட்டையை வாஷிங் மெஷினில் போட, மற்ற துணிகளும் சேர்ந்து கலர் கலராக வெளியே வந்தன. புகார் குவிந்தது. வழக்கு, நஷ்டஈடு என்று பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில் யாருக்கோ ஒரு மின்னல் யோசனை. 'செவன்டீன்' பத்திரிகையில் 'சாயம் கசியும் மெட்ராஸ், இந்தியாவின் கைத்தறி அதிசயம்' என்கிற ரீதியில் பக்கம் பக்கமாகக் கட்டுரை வந்தது. ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம்! 'சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரமே செய்தார்கள். குறையே பெருமையாகி, அறுபதுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களைக் காப்பாற்ற 'செவன்டீன்' வராது. நானே ஒருமுறை ஆன்லைனில் மாம்பழ மஞ்சள் என்று ஒரு புடவை வாங்கினேன். வந்தது பரங்கிக்காய் நிறத்தில். வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு! புடவையை ட்யூப்லைட்டில் படம் எடுக்காமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். 'முதல் துவைப்பில் தனியாக அலசவும்' என்று ஒரு துண்டுச்சீட்டைத் தமிழிலேயே எழுதிப் பார்சலுக்குள் வையுங்கள். ஒரு ரூபாய்கூட ஆகாத காகிதம். மின்வணிகத்துக்கான 2020-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, சொன்னபடி இல்லாத சரக்கைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் முடியாது.

பணம் வாங்குவதில் இன்னொரு சிக்கல். 'பொருள் வந்ததும் காசு' என்பதும் புதுசில்லை. இந்தியத் தபால் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. தலைவலித் தைலம், பஞ்சாங்கம், துப்பறியும் நாவல் என்று வீட்டு முகவரியிலிருந்தே வி.பி.பி.யில் வியாபாரம் செய்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே தலைவலி, தபால்காரர் வீடு தேடிப் போகும்போது 'வேணாம்' என்று ஆர்டர் கொடுத்தவரே சொல்லிவிடுவது. போன தபால் செலவு போனதுதான். இன்றும் அதே கதைதான். ஆகவே புது ஆட்களுக்கு ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொண்டு அனுப்புங்கள். யுபிஐ-யில் முன்பணம் வாங்க முடிந்தால் உத்தமம்.

அரசாங்கக் காகிதங்கள் பற்றி நாலு வரி. சிறுதொழில் பதிவுக்கு 2020 ஜூலையிலிருந்து 'உத்யம்' இணையதளம் இருக்கிறது. பதிவு இலவசம், 'நான் முடிச்சுத் தர்றேன்' என்று ஆயிரம் ரூபாய் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். ஜிஎஸ்டி-யில்தான் ஒரு வேடிக்கை. தளங்கள் வழியே சரக்கு விற்கும் சிறிய ஆட்கள், வரம்புக்குள் விற்று, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் அனுப்பினால், முழுப் பதிவு இல்லாமலே ஓர் எண் வாங்கி விற்கலாம் என்று 2023 அக்டோபரில் தளர்த்தினார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பினால் உள்மாநிலம். ஆரம்பாக்கம் தாண்டி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் தடாவுக்கு அனுப்பினால் வெளிமாநிலம்! உங்கள் ஊர்க்காரர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பழவேற்காட்டுக்கு ஒருநாள் போய்வாருங்கள். டச்சுக்காரர்கள் 1825-ல் ஆங்கிலேயரிடம் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியபோது கோட்டை ஏற்கெனவே பாழாகியிருந்தது. இப்போது புதரும் மேடும்தான். ஊரில் மீனும் இறாலும்தான் பேச்சு. ஆனால் தெருக்களுக்குள் போனால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுவதைப் பார்க்கலாம். ஓலைக்குச் சாயம் ஏற்றி, பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகப் பின்னுவார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். மழைக்காலமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் வெயிலில் கொஞ்சம் காட்டி எடுத்து வையுங்கள், ஓலை பூஞ்சணம் பிடித்துவிடும்.