வாய்ச்சொல் செல்லாத காணி

1900-ஆம் ஆண்டில் இலங்கையின் கண்டி மலைநாட்டிலுள்ள தெல்தோட்டையில் ஒருவர் மரண சாசனம் எழுதாமல் கண்ணை மூடினால், அவருடைய காணி பிள்ளைகளுக்குள் எப்படிப் பங்கு போகும் என்பதற்கு மூன்று விடைகள் இருந்தன. சிங்களக் கிராமத்தவர் என்றால் கண்டிச் சட்டம். ஆண்மக்களுக்குச் சரி பங்கு. தீக முறையில், அதாவது கணவன் வீட்டுக்குப் போகும்படி கட்டிக்கொடுக்கப்பட்ட மகளுக்குத் தகப்பன் காணியில் ஒன்றுமில்லை. பின்ன முறையில் மாப்பிள்ளையை வீட்டோடு எடுத்துக்கொண்ட மகளுக்கு ஆண்மக்களோடு பங்கு உண்டு. முஸ்லிம் என்றால், 1806-இல் கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களுக்காகத் தொகுக்கப்பட்டு 1852-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் மலைநாட்டுக்கும் நீட்டப்பட்ட சட்டத் தொகுப்பு; அதன்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கடைத்தெருவில் நாலு காசு பார்த்துக் காணி வாங்கிய தமிழர் என்றால் 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டம். பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சரிசமம். கிராமமும் முஸ்லிம் ஊரும் தேயிலைத் தோட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரே வட்டாரத்தில், ஓர் ஓடையின் இந்தக் கரையில் சகோதரிக்குப் பூச்சியம், அந்தக் கரையில் அண்ணனின் பங்கில் பாதி. முதுசச் சொத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த மூன்று சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நீதியானது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். காலனித்துவ காலத்தில் உடன்பிறந்தார் காணிக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தத் தராசு போதாது. மூன்று சமூகங்களுக்கும் பொதுவாக இருந்த நான்காவது சட்டம் ஒன்றுதான் காணியின் தலைவிதியை எழுதியது. யாருக்கு எவ்வளவு என்று அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பங்கு எந்த வடிவில் கைமாற வேண்டும் என்பதை மட்டும் சொன்னது.

அதுதான் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மோசடியையும் பொய்ச் சத்தியத்தையும் தடுக்க வந்ததாகத் தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. விற்பனையோ ஈடோ வேறெந்தக் கைமாற்றமோ, எழுத்தில் இருக்க வேண்டும், அனுமதி பெற்ற நொத்தாரிசின் முன்னிலையில் குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையொப்பமாக வேண்டும், இல்லையென்றால் சட்டத்தின் முன் அது செல்லாது என்பதே அதன் சாரம். 1815 மார்ச் 2-ஆம் திகதி கண்டிப் பிரதானிகளோடு கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் மலைநாட்டுச் சட்டங்களையும் வழக்கங்களையும் காப்பதாக ஆங்கிலேயர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாரிசுப் பங்கைப் பொறுத்தவரை அந்த வாக்கைப் பெருமளவு காப்பாற்றவும் செய்தார்கள். ஆனால் பங்கு கைமாறும் வழியை மாற்றியதால், காப்பாற்றப்பட்ட வழக்கம் உள்ளுக்குள் வேறொன்றாகிவிட்டது. கண்டி இராச்சியத்திலும் ஓலையில் எழுதும் பழக்கம் இருந்தது. சாட்சிகள் முன்னிலையில் வாயால் கொடுப்பதும் இருந்தது. சாதாரணக் குடும்பத்தில் தம்பிக்கு அண்ணன் விட்டுக்கொடுத்ததற்கு ஊர்தான் பதிவேடு. 1840-க்குப் பிறகு ஊரின் நினைவு காணிக்கு உரித்துச் சாட்சியாக நிற்கவில்லை.

இதன் கனம் மலைநாட்டு வயலைப் பார்த்தால்தான் விளங்கும். தெல்தோட்டை அடங்கிய ஹேவாஹெட்டப் பக்கத்தில் வயல் என்பது சரிவில் வெட்டிய அடுக்குகள். மேலடுக்குக்கு முதல் தண்ணீர். கீழடுக்குக்கு மிச்சத் தண்ணீரும் மேலிருந்து அடித்துவரும் வண்டலும். இரண்டு பேல விதைப்புள்ள, ஏறக்குறைய ஓர் ஏக்கர் வயலை நான்கு சகோதரர்களுக்கு வரப்புப் போட்டுப் பிரித்தால் எவனுக்கும் நியாயம் கிடைக்காது. அதனால் பிரிக்காமல் முறை வைத்துக்கொண்டார்கள். சிங்களத்தில் இதற்குத் தட்டுமாறு என்று பெயர். ஓர் ஆண்டு மூத்தவன் முழு வயலையும் செய்வான், அடுத்த ஆண்டு அடுத்தவன்; நாலு வருஷத்துக்கு ஒருமுறை வயல் முழுவதும் ஒருவன் கைக்கு வரும். நால்வருக்கும் மும்மூன்று பிள்ளைகள் என்றால் அடுத்த தலைமுறையில் ஒருவனுடைய முறை பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஓர் ஏக்கர் நெல் அறுக்கிறவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்கலாம். அதற்குத்தான் முறையை மாற்றிக்கொள்வதும், ஒருவன் வேறு ஊரில் பெண் எடுத்துப் போய்விட்டால் தன் முறையைத் தம்பிக்கு விட்டுவிடுவதும், சகோதரி தன் பங்குக்குப் பதிலாக வீட்டுத் தோட்டத்துப் பலாமரத்தின் காயை எடுத்துக்கொள்வதும் இருந்தன. பங்கு சிறுக்கச் சிறுக்க, அதை மறுபடி ஒன்றுசேர்க்கும் வேலையைச் சகோதரங்களுக்கு இடையிலான இந்தச் சின்னச் சின்ன விட்டுக்கொடுப்புகள் செய்துவந்தன. புதிய சட்டம் முறைவைத்துச் செய்கை பண்ணுவதைத் தடுக்கவில்லை. பங்கையே விட்டுக்கொடுப்பதைத்தான், உறுதிப் பத்திரம் எழுதினாலன்றி, ஒன்றுமில்லாததாக்கியது. உறுதிக்கு முத்திரைச் செலவு, நொத்தாரிசுக்குக் கூலி, சாட்சிகளை அழைத்துப்போகும் செலவு. ஐந்து மரைக்கால் நெல் பெறும் பங்கை விட்டுக்கொடுக்க எவன் இவ்வளவு செலவழிப்பான்? எழுதாமலே விட்டார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன, பத்து வருஷம் தடையின்றி ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கிடைக்குமே என்று ஒரு சட்டத்தரணி கேட்பார். 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உடன்பிறந்தார் விஷயத்தில் அந்தக் கதவும் அடைபட்டது. சிலாபத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன ஒரு வழக்கில், 1911-இல், பங்காளி ஒருவனின் அனுபவிப்பு மற்றப் பங்காளிகளின் அனுபவிப்பாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பானது. அவர்களை வெளிப்படையாக வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இருந்தாலன்றி, எத்தனை ஆண்டு தனியே ஆண்டாலும் காணி தனக்காகாது. அந்த வழக்கின் உருவமே கவனிக்கத்தக்கது. இறந்துபோனவரின் காணியை உடன்பிறந்தவர் ஒருவர் தனியே ஆண்டுவந்தார். எதிரே நின்றவர் அவருடைய சகோதரமல்ல, சகோதர வழிப் பங்கை விலைக்கு வாங்கிய வெளியார். சட்டத் தர்க்கத்தில் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஊரில் இல்லாத சகோதரியின் பங்கை அண்ணன் விழுங்கிவிடாமல் அது காக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, முப்பது வருஷத்துக்கு முன் தங்கை மனமொப்பிச் சொன்ன ‘நீயே வைத்துக்கொள்’ என்ற சொல்லையும் இல்லாததாக்கியது. அவள் இறந்து, அவள் பிள்ளைகளுக்குக் கடன் வந்து, கடன் கொடுத்தவர் அந்தப் பங்குக்கு உறுதி முடித்துக்கொண்டால், அண்ணன் மகன் வயலில் புதுப் பங்காளி ஒருவரைச் சந்திப்பான்.

புதுப் பங்காளிக்கு ஆயுதமும் தயாராக இருந்தது. 1863-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கப் பாகப்பிரிவினைக் கட்டளைச் சட்டத்தின்படி எவ்வளவு சிறிய பங்குக்காரனும் வழக்கு வைக்க முடிந்தது. பிரிக்க முடியாத காணி என்று கண்டால் நீதிமன்றம் அதை விற்கச் சொன்னது. முதலில் மதிப்பிட்ட விலையில் பங்காளிகளுக்குள், அது சரிவராவிட்டால் பகிரங்க ஏலத்தில். மேலே சொன்ன அடுக்கு வயல் பிரிக்க முடியாத காணி அல்லாமல் வேறென்ன? பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கியவர் முழு வயலையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது, கையில் காசிருந்தால் எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. அதே 1863-இல் உறுதிகளைப் பதிவுசெய்யும் 8-ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. முந்திப் பதிந்தவனுக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு யாருக்கு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயலை விட்டு வெளியே போகாதவனைவிடக் அரசாங்கக் கச்சேரியில் நடமாடுகிறவனுக்கே அது வசதி.

இங்கே ஒரு பலமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். மலைநாட்டுக் கிராமத்தவர் காணி இழந்தது சகோதரப் பங்கால் அல்ல, அரசாங்கத்தாலும் கோப்பித் தோட்டங்களாலும்தானே? ஆம், பரப்பளவில் பார்த்தால் அதுதான் உண்மை. அதே 1840-இல் வந்த 12-ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும் குடியில்லாத நிலத்தையும் எதிர்ச்சான்று இல்லாதவரை முடிக்குரியது என்றது. கண்டிப் பகுதிகளில், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலத்துக்கும் மானியச் சான்றோ வரி கட்டிய சான்றோ கேட்டது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கும், 1844 முதல் அடிப்படை விலை ஒரு பவுணுக்கும் நிலம் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்த லூல்கந்துரைத் தோட்டம் தெல்தோட்டைக்குப் பக்கத்து மலைதான். நெல்வரியையும் மறக்கக்கூடாது. 1878-இன் சட்டத்துக்குப் பிறகு வரி கட்டாத வயல்கள் ஏலம் போனதையும், உடஹேவாஹெட்டையிலும் வலப்பனையிலும் குடும்பங்கள் சிதறியதையும் நுவரெலியா உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே எழுதினார். அந்த வரி 1892-இல் நீக்கப்பட்டது. ஆனால் இவை என் வாதத்தைக் குறைக்கவில்லை. முடிக்குப் போனது காடும் சேனையும். அதன் பிறகு குடும்பத்தின் கையில் மிஞ்சியது வயலும் வீட்டுத் தோட்டமும் மட்டுமே. வளரும் குடும்பம் புதிதாக வெட்டிச் சேர்க்கக் காடில்லாதபோது, பழைய பங்கைச் சகோதரங்களுக்குள் சேர்த்துக்கொள்வது முன்னெப்போதையும்விட அவசியமாயிற்று. சேர்த்துக்கொள்ளும் பழைய வழி மூடப்பட்டதும் அதே காலத்தில்தான். வெளிச்சுவரை 12-ஆம் இலக்கம் இழுத்து நெருக்கியது, உள்ளே கதவை 7-ஆம் இலக்கம் வெளியாருக்குத் திறந்துவிட்டது.

இன்னொரு மறுப்பு சகோதரிகள் சார்பில் வரும். அதில் நியாயம் அதிகம். ‘வாய்ச்சொல்’ என்று உருகுகிறீர்களே, அந்த வாய்ச்சொல் பெரும்பாலும் அண்ணன்மாரின் வாய்ச்சொல் அல்லவா? உறுதி வந்ததால்தான் தகப்பன் தீக சென்ற மகளுக்கும் எழுத்தில் கொடுத்துப் பாதுகாக்க முடிந்தது. முஸ்லிம் பெண்ணின் பங்கு நீதிமன்றத்தில் நின்றது. ஒப்புக்கொள்கிறேன். பழைய ஏற்பாடு சமத்துவமானது என்று நான் சொல்லவில்லை. அது வளைந்து கொடுத்தது என்றுதான் சொல்கிறேன். தீக சென்ற மகள் தாய்வீட்டுத் தொடர்பை அறுக்காமல் இருந்தால், தன் பிள்ளையை அங்கே வளரவிட்டால், திரும்பி வந்து குடியிருந்தால், இழந்த உரிமை மீளும் என்பதும் கண்டி வழக்கமே. 1917-இல் உயர் நீதிமன்றம்கூட, தாய்வீட்டோடு தொடர்பு அறுந்ததா என்பதே கேள்வி என்ற நிலையில் நின்றது. அந்த நெகிழ்ச்சியை இறுக்கியது பதிவேடு. பல கணவர் மணத்தை ஒழித்த 1859-இன் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1870-இன் கண்டி விவாகக் கட்டளைச் சட்டம், விவாகப் பதிவில் தீகமா பின்னமா என்று எழுதச் சொன்னது. எழுதாமல் விட்டால், மாறாக நிரூபிக்கும்வரை தீகம் என்றே கொள்ளச் சொன்னது. பதிவாளர் மறந்தாலும் பெண்ணின் பங்குதான் ஆட்டம் கண்டது. முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு வேறு, முடிவு அவ்வளவு வேறல்ல. மனைவிக்கு எட்டில் ஒன்று போக, ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் என்றால் மகனுக்குப் பதினாறில் ஏழு, மகள் ஒருத்திக்கு முப்பத்திரண்டில் ஏழு. பிள்ளைகளை விட்டு அவள் இறந்தால் அதில் கால்பங்கு கணவனுக்கு, நூற்றிருபத்தெட்டில் ஏழு. இப்படிப்பட்ட பங்கை வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள் வைத்து என்ன செய்வாள்? காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, எழுதிக் கொடுக்கலாம், அல்லது விலை கூடச் சொல்கிறவருக்கு. சட்டம் இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்த்தது.

அரசாங்கத்துக்கே இது பின்னால் உறைத்திருக்க வேண்டும். 1927-இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் வழியில் வந்த 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டம், குடியானவருக்குக் கொடுக்கும் காணியை அனுமதியின்றி விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது என்றது; துண்டுபடாமல் ஒரே பின்னுரித்தாளிக்குப் போக வேண்டும் என்றது. நூறாண்டு சுதந்திரமாக விற்கவிட்டதன் விளைவு பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் வேண்டியதில்லை. ஆனால் மருந்து சகோதரங்களுக்குள் சேர்த்துக்கொள்ள இடம் விடாமல், ஒருவரைத் தவிர மற்றவர்களை வெளியே நிறுத்தியது. இலங்கையைப் பிறப்பு வதிவிடமாகக் கொண்டவர்களுக்கே அந்தக் காணி என்றதால் தெல்தோட்டைத் தோட்ட லயங்களில் இருந்த தமிழர் கணக்கிலேயே வரவில்லை. முதுசம் என்று அவர்களுக்குள் பிரிக்க ஒரு பேர்ச்சஸும் இருக்கவில்லை.

சகோதரக் கைமாற்றத்தைச் சட்டம் நேரடியாகத் தொட்டது 1938-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கக் கண்டிச் சட்டக் கட்டளையில்தான். விவாகத்துக்குப் பிந்திய நடத்தையால் தீகம் பின்னமாகாது என்று அது பழைய நெகிழ்ச்சியை முற்றாக மூடியது. பதிலுக்கு, தகப்பன் இறந்த பின் தீக செல்லும் மகளின் பங்கு அழியாது என்றது; ஆனால் விவாகம் நடந்த ஓராண்டுக்குள் சகோதரர்களோ பின்ன முறையில் மணந்த சகோதரிகளோ நியாயமான சந்தை விலையைக் கொடுத்துக் கேட்டால் அவள் அதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். குடும்பக் காணி குடும்பத்துக்குள் நிற்க வேண்டும் என்ற பழைய நோக்கம் இந்தப் பிரிவில் மறுபடி தலைகாட்டுகிறது. இம்முறை விலையோடும் தவணையோடும். பணமுள்ள அண்ணனுக்கு அது பயன்படும். ஓராண்டுக்குள் சந்தை விலையைப் புரட்ட முடியாதவனுக்கு, தங்கைக்கு விற்க மனமில்லாவிட்டாலும், அவள் கணவனின் கடன்காரர் பங்காளியாக வருவதைத் தடுக்க அதில் ஒரு வரியும் இல்லை.