வீட்டுத் தோட்டத்தில் விதையில்லாத் திராட்சை: கொடி படர்ந்தால் போதாது, கவாத்து செய்தால்தான் காய்க்கும்

வீட்டு முன் பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, நாலு வருஷம் ஆச்சு, ஒரு கொத்துகூட வரவில்லை. என்ன உரம் போடலாம்?" பெரும்பாலான இடங்களில் குறை உரத்தில் இல்லை. கொடியைக் கவாத்து செய்யாததுதான் காரணம்.

குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். வெயில் திரும்பியதும் புதிய தளிரோடு பூவும் வரும். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. விட்டால் கொடி ஆண்டு முழுவதும் பச்சையாக ஓடிக்கொண்டே இருக்கும். குளிர் செய்யும் வேலையை இங்கே கவாத்துக் கத்தரி செய்ய வேண்டும். முற்றிய கிளையில் உள்ள மொட்டிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் திராட்சை பூக்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் எளிது.

எந்த ரகம்?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் விளைவது பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகம் நம் தட்பவெப்பத்துக்கு நன்கு பழகியது. ஆனால் இதில் விதை உண்டு. விதையில்லாத பழம் வேண்டுமென்றால் கீழ்க்கண்ட ரகங்களில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்.

• தாம்சன் சீட்லெஸ்: வெளிர் பச்சை நிறம், நல்ல இனிப்பு. உலர் திராட்சைக்கும் ஏற்றது.
• மாணிக் சமன், சொனாகா: தாம்சன் வழி வந்தவை. சற்றே நீண்ட பழங்கள்.
• சரத் சீட்லெஸ்: கருநிறப் பழம்.
• பிளேம் சீட்லெஸ்: சிவப்பு நிறம், கடித்தால் மொறுமொறுப்பாக இருக்கும்.

விதை வாங்கி ஏமாற வேண்டாம்

"விதையில்லாத் திராட்சை விதை" என்று பாக்கெட்டில் யாராவது விற்றால் வாங்க வேண்டாம். விதையில்லாத ரகத்தை விதை மூலம் பெருக்க முடியாது. முற்றிய கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்று அல்லது ஒட்டுக்கன்று மட்டுமே தாய்க்கொடியின் குணத்தோடு வரும்.

பக்கத்துத் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும் கொடி இருந்தால், டிசம்பர்-ஜனவரி கவாத்தின்போது நோயில்லாத, பென்சில் பருமனுள்ள, பழுப்பு நிறமாக முற்றிய குச்சிகளைக் கேட்டு வாங்குங்கள். 4 மொட்டு இருக்கும்படி வெட்டி, 2 மொட்டு மண்ணுக்குள் போகும்படி பையில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஜூனில் நடவுக்குத் தயாராகிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றே நல்லது. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் நீங்கள் வாங்கிய ரகத்தை அமுக்கிவிட்டு வேர்ச்செடியே பந்தலைப் பிடித்துக்கொள்ளும்.

இடமும் நடவும்

முதல் தேவை வெயில். மாமரம், வேப்பமரத்தின் நிழலில் உள்ள கொடி இலை விடும், காய்க்காது. தண்ணீர் தேங்காத செம்மண், வண்டல் கலந்த மண் ஏற்றது. கார அமிலத்தன்மை 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது.

ஜூன்-ஜூலை நடவுக்கு ஏற்ற மாதங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் இருக்கும்படி குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மண் இறுகிய பிறகு நடுவில் நடவும். நட்டவுடனும் மூன்றாம் நாளும் தண்ணீர் விட்டு, பிறகு வாரம் ஒருமுறை விட்டால் போதும். மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் பார்த்துக் குறைத்துக்கொள்ளவும்.

ஒரு கொடிக்கு 4 மீட்டருக்கு 3 மீட்டர் பந்தல் தாராளம். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கல்தூண் அல்லது இரும்புக் குழாய் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்துக் கட்டவும்.

முதல் ஆண்டு: கொடிக்கு உருவம் கொடுங்கள்

ஒரே ஒரு தண்டை மட்டும் குச்சியில் கட்டி நேராக மேலே ஏற்றவும். பக்கத்தில் வரும் துளிர்களைக் கிள்ளிவிடவும். பந்தலுக்குச் சற்றுக் கீழே நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடிக்கும். அவற்றில் வலுவான இரண்டை எதிரெதிர்த் திசையில் கம்பியில் படரவிடுங்கள். இவைதான் கொடியின் கைகள். இவற்றிலிருந்து கிளம்பும் கிளைகளே பின்னாளில் காய்க்கும். இந்த ஆண்டில் பழத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரு காய்ப்பு

பன்னீர் திராட்சையில் ஒவ்வொரு கவாத்துக்கும் பழம் எடுக்கலாம். விதையில்லா ரகங்களை அப்படிப் பிழியக் கூடாது. ஒரு கவாத்து கிளையைத் தயார் செய்ய, இன்னொன்று பழம் எடுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கவாத்து மே மாதத்தில். பழம் பறித்து முடித்ததும் ஒவ்வொரு கிளையிலும் அடியில் 1 மொட்டு மட்டும் விட்டு வெட்டவும். புதுக்கிளைகள் வரும். நெருக்கமாக வந்தவற்றை நீக்கி, மீதியை 12 முதல் 15 இலைக்கு மேல் போகவிடாமல் நுனி கிள்ளவும். பற்றுக்கம்பிகளையும் அகற்றவும். வெட்டிய பின் வரும் ஒன்றரை முதல் இரண்டு மாதம் மிக முக்கியம். அடுத்த பருவத்துப் பூ அந்த நாட்களில்தான் மொட்டுக்குள் உருவாகிறது. அப்போது ஒவ்வொரு கிளையின் மீதும் வெயில் விழ வேண்டும். தழைச்சத்தையும் தண்ணீரையும் அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும்.

இரண்டாவது கவாத்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசி முதல் ஜனவரிக்குள். 15 நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்தவும். ஒரு வாரம் முன்பு மீதமுள்ள இலைகளைக் கையால் உருவிவிடலாம். பழுப்பேறி முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளைகளில் அடியிலிருந்து 5 மொட்டு விட்டு வெட்டவும். பலரும் தவறுவது இங்கேதான். பக்கத்துப் பன்னீர் தோட்டத்தில் 4 மொட்டு விடுகிறார்கள் என்றோ, பந்தல் சுத்தமாகத் தெரியட்டும் என்றோ 2 மொட்டில் வெட்டிவிடுகிறார்கள். தாம்சன் வகையில் அடிமொட்டுகளில் பூ குறைவு. அவற்றை மட்டும் விட்டால் வெறும் இலைதான் வரும். மெலிந்த கிளைகளை மட்டும் 1 அல்லது 2 மொட்டில் வெட்டுங்கள். அவை அடுத்த ஆண்டுக்கு.

வெட்டு முடிந்ததும் தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைத் தேய்த்து எடுத்து எரித்துவிடவும். வண்டுகளும் மாவுப்பூச்சியும் ஒளிந்திருப்பது அங்கேதான். கொடிக்கு 25 முதல் 50 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சவும். சாம்பல் சத்து தருவதென்றால் சல்பேட் ஆப் பொட்டாஷ் நல்லது.

வணிகத் தோட்டங்களில் மொட்டுகள் ஒரே சமயத்தில் வெடிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்து பூசுவார்கள். தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் தீங்கு செய்யும். பூசியவர் மது அருந்தினால் ஆபத்து இன்னும் அதிகம். குழந்தைகள் விளையாடும் வீட்டுப் பந்தலுக்கு இது வேண்டவே வேண்டாம். மொட்டுகள் முன்பின்னாக வெடித்தால் பழமும் முன்பின்னாகப் பழுக்கும். வீட்டுக்கு அது வசதிதானே.

கொத்துப் பராமரிப்பு

முதல் காய்ப்பில் 15 முதல் 20 கொத்துக்கு மேல் விட வேண்டாம். காய் பட்டாணி அளவு வந்ததும் நெருக்கமான கொத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைச் சிறு கத்தரியால் நறுக்கிவிடவும். மீதிக் காய் பருக்கும், காற்றோட்டமும் கிடைக்கும்.

கடைப்பழம்போல் பெரிதாக இல்லையே என்று வருந்த வேண்டாம். விதையில்லா ரகங்களில் விதை தொடக்கத்திலேயே வளர்ச்சி நின்றுவிடுவதால் காய் இயல்பாகவே சிறியது. தோட்டக்காரர்கள் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் கொத்தை நனைத்துப் பெரிதாக்குகிறார்கள். லிட்டருக்கு 25 மில்லி கிராம் என்ற நுட்பமான அளவை வீட்டில் நிறுப்பது கடினம். சிறிய பழம் இனிப்பில் குறைந்தது அல்ல.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்பூசணம் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். 1 சத போர்டோ கலவை தெளிக்கவும். 5 லிட்டருக்கு 50 கிராம் மயில் துத்தமும் 50 கிராம் சுட்ட சுண்ணாம்பும் தேவை. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவும். தீட்டிய இரும்புக் கத்தியை முக்கினால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவும்.

இலையின் மேலும் காயிலும் சாம்பல் தூவியதுபோல் இருந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் காலை வேளையில் தெளிக்கவும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். காய் பழுக்கத் தொடங்கிய பின் எந்த மருந்தும் வேண்டாம்.

மாவுப்பூச்சிக்குக் கொடிக்கு 10 வீதம் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விடலாம். தண்டில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பாதி கட்டுப்படும்.

அறுவடை

ஜனவரியில் வெட்டினால் ஏறத்தாழ 120 முதல் 130 நாளில் பழம் தயார். ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்தவும். பறவைகளிடமிருந்து காக்கக் கொத்துகளை வலையால் மூடவும். திராட்சை பறித்த பிறகு பழுக்காது. எனவே நிறம் பார்த்து அவசரப்படாமல், கொத்தின் கீழ்நுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். கடைசியில் பழுப்பது அதுதான். அது இனித்தால் கொத்து முழுவதும் இனிக்கும். பழத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய வெண்பொடி இயற்கையான மெழுகு, மருந்து அல்ல.

கன்று நட்டு இரண்டாவது கோடையில் முதல் பழம் எடுக்கலாம். இப்போதே உங்கள் வீட்டில் காய்க்காத கொடி இருந்தால் வெட்டி எறிந்துவிடாதீர்கள். நல்ல வெயில் படும் இடமென்றால், வரும் மே மாதம் 1 மொட்டில் வெட்டி, மழை ஓய்ந்ததும் 5 மொட்டில் வெட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு கிளையை இலையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். 1800 180 1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணிலும் கேட்கலாம்.