ஆதார் நகல் கேட்கும் கடைகள், மருத்துவமனைகள்: கொடுக்க வேண்டியது எது, மறுக்கக்கூடியது எது?

கொல்கத்தா: மருத்துவமனையின் பதிவுப் பிரிவு, தங்கும் விடுதி, நகைக்கடை, சிம் கார்டு விற்பனையகம் என எங்கு சென்றாலும் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலானோர் காரணம் கேட்காமலே அதைக் கொடுத்தும் விடுகின்றனர். ஆதார் விவரங்கள் தவறான கைகளுக்குச் சென்றால் என்ன ஆகும் என்பதை 2023ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் நடந்த வங்கி மோசடிகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. எந்த நிறுவனம் எந்த விவரத்தைக் கேட்கலாம், எதை மறுக்கலாம், மறுக்க இயலாத இடத்தில் எப்படிப் பாதுகாப்பாகக் கொடுப்பது என்பது குறித்து இங்கே காண்போம்.

கொல்கத்தாவில் நடந்தது என்ன?

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கொல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பலருடைய வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகப் புகார்கள் குவிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் யாருக்கும் ஓடிபி எண்ணைச் சொல்லவில்லை. எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. ஏடிஎம் அட்டையையும் தொலைக்கவில்லை. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை முறையைப் பயன்படுத்தி மோசடி நடந்திருப்பது காவல்துறை விசாரணையில் தெரியவந்தது.

வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் வங்கி முகவர்கள் மூலம் பணம் எடுக்க உதவும் முறை இது. இதை நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்துகிறது. வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஓடிபியோ, ரகசியக் குறியீடோ தேவையில்லை. முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலைக் கூலி பெறுவோருக்குப் பேருதவியாக விளங்கும் இதே எளிமையே மோசடிக்காரர்களுக்கும் வழி திறந்தது. நிலம், வீடு ஆகியவற்றின் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை எடுத்து, அவற்றைக் கொண்டு செயற்கை ரேகைகள் தயாரிக்கப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. உத்தர தினாஜ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிலர் கைது செய்யப்பட்டனர். ஆதாரில் உள்ள கைரேகைப் பதிவை உடனடியாகப் பூட்டி வைக்குமாறு கொல்கத்தா காவல்துறை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைரேகை கிடைத்தாலும் ஆதார் எண் இல்லாமல் இந்த மோசடி நடவாது. கடைகளிலும் விடுதிகளிலும் குவியும் ஜெராக்ஸ் தாள்களில் அந்த எண்ணுடன் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் ஆகியவையும் சேர்ந்தே கிடைக்கின்றன. கைரேகை திருடப்பட்டால் அதை மாற்ற முடியாது. ஆகவே, எண்ணைக் காப்பதும் ரேகையைப் பூட்டுவதுமே குடிமக்கள் கையில் உள்ள வழிகள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 26 அன்று வெளியான ஆதார் தீர்ப்பு, அரசின் நலத்திட்டங்களுக்கும் பான் எண் இணைப்புக்கும் ஆதாரை அனுமதித்தது. ஆனால், தனியார் நிறுவனங்கள் ஆதார் அடிப்படையில் அடையாளச் சரிபார்ப்பைக் கோர இடமளித்த 57ஆவது பிரிவின் பகுதியை ரத்து செய்தது. வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு ஆகியவற்றுடன் ஆதாரைக் கட்டாயமாக இணைக்கும் உத்தரவுகளும் செல்லாதவையாயின.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஆதாரை ஒருவர் தாமாக முன்வந்து அடையாளச் சான்றாகப் பயன்படுத்தலாம் என்று கூறுகிறது. இணையத் தொடர்பின்றி ஆதாரைச் சரிபார்க்கும் நிறுவனம், ஆதார் எண்ணையோ கைரேகை உள்ளிட்ட உடற்கூறு விவரங்களையோ சேகரித்து வைக்கக் கூடாது என்றும் அது தடை விதிக்கிறது.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எவரிடமும் கொடுக்க வேண்டாம் என்றும், உரிமம் பெறாத விடுதிகள், திரையரங்குகள் போன்றவை நகல்களை வாங்கி வைக்கக் கூடாது என்றும் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் எனக் கூறி மத்திய அரசு 2 நாட்களில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையுடன் பயன்படுத்தினால் போதும் என்றும் விளக்கம் அளித்தது. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டபோதும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை மாறவில்லை.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி செல்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான விவரங்களுக்கு மட்டுமே ஒருவரின் ஒப்புதல் பொருந்தும் என்கிறது. அதற்கு அச்சட்டமே தரும் எடுத்துக்காட்டு மருத்துவத் துறையிலிருந்து வருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சம்மதித்தாலும், சிகிச்சைக்கு அவை தேவையற்றவை என்பதால் அந்தச் சம்மதம் அவற்றுக்குப் பொருந்தாது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்புக் குறைபாட்டால் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கடைகளில் கவனிக்க வேண்டியவை

பொருள் வாங்கி ரொக்கமாகவோ அட்டை மூலமாகவோ பணம் செலுத்தும் வாடிக்கையாளரிடம் ஆதார் கேட்கக் காரணம் இல்லை. பில் போடுவதற்குக் கைப்பேசி எண் கட்டாயம் என்று வற்புறுத்துவதும் முறையன்று. எண்ணைத் தர மறுப்பவருக்குப் பொருளை விற்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சில்லறை விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் பரிவர்த்தனைகளுக்குப் பான் எண் தருவது வருமான வரி விதிகளின்படி கட்டாயம். அங்கும் எண்ணைக் குறிப்பிட்டால் போதுமா, நகல் தேவையா என்று கேட்டுத் தெளிவது நல்லது. சிம் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்றாலும், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்றவற்றையும் ஆவணமாகத் தரலாம்.

மருத்துவமனைகளில் என்ன நிலை?

மருத்துவமனையில் கேட்கப்படும் எல்லா விவரங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பெயர், வயது, தொடர்பு எண், ஒவ்வாமை, முந்தைய நோய்கள் ஆகியவை சிகிச்சைக்குத் தேவை. அவற்றை மறைப்பது நோயாளிக்கே கேடாகலாம். ஆனால், சொந்தப் பணத்தில் மருத்துவரைப் பார்க்க வருபவரின் ஆதார் எண்ணால் சிகிச்சைக்கு எந்தப் பயனும் இல்லை.

சில இடங்களில் அடையாளச் சான்று தவிர்க்க முடியாதது. மேற்கு வங்க அரசின் ஸ்வாஸ்த்ய சாத்தி போன்ற காப்பீட்டுத் திட்டங்களில் பயனாளியை உறுதிசெய்ய வேண்டும். தனியார் காப்பீட்டில் ரொக்கமில்லாச் சிகிச்சை கோரும்போதும் சான்று கேட்கப்படும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையில் கொடையாளர், பெறுபவர் இடையேயான உறவை ஆவணங்களால் நிறுவ 1994ஆம் ஆண்டுச் சட்டம் கோருகிறது. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் மையங்களும் சட்டப்படி பதிவேடு பராமரிக்கக் கடமைப்பட்டவை.

ஆதார் இல்லை என்ற காரணத்தால் தடுப்பூசி, மருந்து, மருத்துவமனை அனுமதி, சிகிச்சை ஆகியவற்றை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2021 மே மாதம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண்ணும் விருப்பத்தின் பேரிலானதே. மேற்கு வங்கத்தில் தனியார் மருத்துவமனைகள் மீதான குறைகளை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம்.

மருத்துவத் தரவுகள் கசிவது வெறும் அச்சம் அன்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் சைபர் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் முடங்கின. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகளும் அடையாள அட்டை நகல்களும் டெலிகிராம் வழியே வெளியானதாகச் செய்தி வந்தது. அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

கேட்பவர் உண்மையானவரா என்பதும் முக்கியம். 2021 ஜூன் மாதம் கொல்கத்தாவின் கஸ்பா பகுதியில், ஐஏஎஸ் அதிகாரி எனக் கூறிக்கொண்ட ஒருவர் நடத்திய கொரோனா தடுப்பூசி முகாம் போலியானது எனத் தெரியவந்தது. அங்கு ஊசி போட்டுக்கொண்ட அப்போதைய ஜாதவ்பூர் எம்.பி. மிமி சக்ரவர்த்தி, தனது கைப்பேசிக்கு உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வராததால் சந்தேகம் கொண்டு விசாரித்ததே அந்த மோசடியை வெளிக்கொணர்ந்தது.

வெளியூர் சிகிச்சையும் விடுதிகளும்

கொல்கத்தாவிலிருந்து வேலூர், சென்னை மருத்துவமனைகளுக்குச் செல்வோர் ஏராளம். நோயாளியும் உடன் வருவோரும் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகளில் ஒவ்வொருவரின் அடையாள நகலும் பெறப்படுகிறது. தங்குவோரின் விவரங்களைக் காவல்துறைக்காகப் பதிவேட்டில் பராமரிக்க வேண்டிய பொறுப்பு விடுதிகளுக்கு உண்டு. எனினும், அதற்கு ஆதார் எண் முழுமையாகத் தேவையில்லை. வேறொரு அட்டையோ எண் மறைக்கப்பட்ட ஆதாரோ போதுமானது.

பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி?

* முதலில் கேளுங்கள்: எந்த நோக்கத்துக்கு, எந்த விதியின்படி, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், அசலைக் காட்டினால் போதாதா?

* மாஸ்க்டு ஆதாரைப் பயன்படுத்துங்கள்: ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் இந்த வடிவில் 12 இலக்கங்களில் முதல் 8 மறைந்திருக்கும், கடைசி 4 மட்டுமே தெரியும்.

* எண்ணுக்குப் பதில் மெய்நிகர் எண்: 16 இலக்கங்கள் கொண்ட இந்தத் தற்காலிக எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டறிய இயலாது.

* நகலில் குறிப்பு எழுதுங்கள்: யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் தரப்படுகிறது என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டால் அதை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினமாகும்.

* ஊழியரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்புவதைத் தவிர்க்கவும்.

* ஜெராக்ஸ் கடைக் கணினியில் இ-ஆதார் பதிவிறக்கினால், கோப்பை முழுமையாக நீக்கிய பின்னரே வெளியேறுங்கள். பெயரின் முதல் 4 எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே அதன் கடவுச்சொல் என்பதால், அது பெரிய பாதுகாப்பு ஆகாது.

* கைரேகையைப் பூட்டுங்கள்: ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ இதைச் செய்யலாம். பதிவுசெய்த கைப்பேசி எண் தேவை. ரேஷன் கடையில் ரேகை வைப்போர் தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

பணம் பறிபோனால் என்ன செய்வது?

உடனடியாக 1930 என்ற எண்ணில் அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறின்றி மூன்றாம் நபரால் நேர்ந்த மின்னணு மோசடியை, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவரைச் சேராது என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. வங்கி முகவர்களைக் கூடுதலாகக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கி விதிகளும் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பதை ஆணைய இணையதளத்தில் கடந்த 6 மாதங்களுக்குப் பார்க்கலாம். தம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்பதைச் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். தமக்குத் தெரியாமல் கடன் வாங்கப்பட்டுள்ளதா என்பதை, கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையில் அறியலாம். ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு 1947 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.