மூக்குக்கண்ணாடியும் முகத்தின் உரிமையும்

மனிதன் தன் உடலில் அணியும் பொருள்களுள் மூக்குக்கண்ணாடி தனித்தன்மை வாய்ந்தது. அது மருந்து, அதே வேளையில் அணிகலனுமாகும். குன்றிய பார்வையை நிறைவு செய்ய வந்த கருவி முகத்தின் நடுவே அமர்ந்துவிட்டபடியால், அணிந்தவரின் வயதையும் தொழிலையும் வருவாயையும் ஊரார்க்கு அறிவிக்கும் விளம்பரப் பலகையாகவும் ஆகிவிட்டது. இன்று கண்டி நகரின் கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்குள் நுழைபவரின் கண் முதலில் செல்வது சட்டங்களின் வரிசைக்குத்தான். வட்ட முகத்துக்குக் கோணச் சட்டம், நீள முகத்துக்கு அகன்ற சட்டம் என்று விற்பனையாளர் ஆலோசனை கூறுவார். இத்தேர்வு தனிமனித இரசனையின் பாற்பட்டது என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இரசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. எதை அணியலாம், யார் அணியலாம் என்ற கேள்வி கண்டி நாட்டுக்குப் புதியதன்று.

1660ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, 1679 வரை கண்டி அரசனின் சிறையாளியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், 1681இல் வெளியிட்ட நூலில் அக்கால வழக்கங்களை விரிவாக எழுதியிருக்கிறான். தாழ்த்தப்பட்ட குலத்தவரின் ஆடை முழங்காலைத் தாண்டலாகாது; சாதாரண மக்கள் தம் வீட்டுக்கு ஓடு வேயலாகாது; சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டலாகாது. ஆடையும் அணியும் வீடும் அங்கே அழகுக்காக மட்டும் இருக்கவில்லை. மனிதனை மனிதனிலிருந்து பிரித்துக் காட்டும் வேலியாகவும் அவை நின்றன. ஓர் ஏழை அழகாகத் தோன்றுவதே குற்றமாகக் கருதப்பட்ட சமுதாயம் அது.

மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியில் தோன்றியது. தென்னகத்தில் அதைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று விஜயநகரக் காலத்தது. வியாசராயர் என்ற துறவி 1520ஆம் ஆண்டையொட்டி அதனைப் பயன்படுத்தியதை அவரது சரிதம் கூறுகிறது. கண்டி இராச்சியத்திலும் படிகக்கல்லைத் தேய்த்து வில்லையாக்கும் கைவினை அறியப்பட்டிருந்தது. ஏடு படிப்பவருக்கே அத்தகைய வில்லை வேண்டியிருந்தது. ஏடோ விகாரைகளிலும் பிரபுக்களின் மனைகளிலும் அடங்கிக் கிடந்தது. எழுத்து யாருடைய உடைமையோ அவருடைய உடைமையாகவே கண்ணாடியும் இருந்தது.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1867இல் ஹேவாஹெட்டையை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டான். அதே ஆண்டில் புகையிரதமும் கண்டியை வந்தடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் தொழிலாளர் மலைகளைத் தோட்டங்களாக்கினர். எழுத்து அவர்கள் வாழ்க்கைக்குள் நுழைந்தது எவ்வாறு? கடனைப் பதிந்து ஆளைக் கட்டிவைத்த ‘துண்டு’ என்னும் சீட்டாகவும், பேர் பதியும் செக்ரோலாகவும் நுழைந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டதைத் தானே படிக்க இயலாத மனிதனுக்கு மூக்குக்கண்ணாடி துரையின் பொருளாகவும், கிளாக்கரின் பொருளாகவும் தோன்றியதில் வியப்பென்ன?

சட்டத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. செல்வர்கள் விரும்பிய ஆமையோட்டுச் சட்டம் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்யப்பட்டது. தென்னிலங்கைக் கரையோரச் சிங்கள ஆடவர் கொண்டையில் செருகிய பிறைவடிவச் சீப்பும் அதே ஓட்டினால் ஆனதே. பின்னர் பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் பெறப்படும் செல்லுலோஸ் அசிற்றேற்று அவ்வோட்டின் பழுப்புப் புள்ளிகளை அப்படியே போலச்செய்தது. 1917 முதல் ஹரோல்ட் லொய்ட் என்ற நகைச்சுவை நடிகன் தடித்த வட்டச் சட்டத்துடன் திரையில் தோன்றியபோது, முதுமையின் அடையாளம் இளமையின் நாகரிகமாயிற்று. 1929இல் அமெரிக்கக் கடற்கரை நகரொன்றில் சாம் பொஸ்டர் மலிவான கறுப்புக் கண்ணாடிகளைப் பெருமளவில் விற்கத் தொடங்கினார். 1937இல் விமானிகளுக்குரிய கண்ணாடி ‘ரேபான்’ என்ற பெயரில் பொதுச் சந்தைக்கு வந்தது.

கறுப்புக் கண்ணாடியைத் தமிழர்க்கு மிக நெருங்கிய சின்னமாக்கியவர் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17ஆந் திகதி பிறந்தவர் என்பதை வாசகர் அறிவர். எம்.ஜி.ஆரின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தோட்டத்து லயங்களின் சுவர்களில் படங்களாகத் தொங்கின. அந்தக் கண்ணாடியை விரும்பிய இளைஞனை நாம் எள்ளி நகையாடலாமா? வெயிலிலும் மழையிலும் உழைத்தவன் அழகின் மீது கொண்ட ஆசை அது. அவ்வாசையில் பிழையில்லை, அதை விலைபேசும் சந்தையிலேதான் பிழையுண்டு.

அந்த மலைகளின் தேயிலையைக் குடித்த பிரித்தானியாவுக்கு இப்போது செல்வோம். 1948 ஜூலை 5ஆந் திகதி அங்கு தொடங்கிய தேசிய சுகாதார சேவை மக்களுக்கு மூக்குக்கண்ணாடியை இலவசமாக அளித்தது. 1951இல், கொரிய யுத்தகால ஆயுதச் செலவின் நெருக்கடியில், பற்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டபோது, அச்சேவையை நிறுவிய அனியூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். ஒரு மூக்குக்கண்ணாடிக்காக ஓர் அமைச்சர் பதவி துறந்த நிகழ்ச்சி சிந்திக்கற்பாலது. அதே 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த அநீதி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. தேநீர் அருந்தியவனின் கண்ணுக்கு அரசு பொறுப்பேற்ற ஆண்டிலே, கொழுந்து கிள்ளியவளுக்கு அரசே இல்லாது போயிற்று!

ஆனால் பிரித்தானிய அனுபவத்தில் மற்றொரு பாடமும் உண்டு. அரசாங்கச் சட்டங்கள் சில வகைகளாகவே இருந்தன. பணமுள்ளவர் நாகரிகமான சட்டத்தைத் தனியே வாங்கினர். அரசாங்கச் சட்டத்தை அணிந்த பிள்ளைகள் பள்ளியிலே கேலிக்குள்ளாயினர். பார்வை கிடைத்தது, அதனுடன் ‘ஏழை’ என்ற முத்திரையும் முகத்திலேயே பதிந்தது. நொக்ஸ் கண்ட கண்டியில் கட்டளை செய்த வேலையை இங்கே மலிவான சட்டம் செய்தது. ஆகவே, ஏழைக்குப் பார்வை போதும், அழகு செல்வருக்கு என்று பிரிப்பது முற்போக்கு ஆகாது. அது பழைய வேலியைப் புதிய மூங்கிலால் கட்டுவதாகும்.

தேயிலைத் தோட்டத்திற்கு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்க்கு அஸ்ஸாமிலிருந்து விடை கிடைத்திருக்கிறது. அங்கே நாற்பது வயதைக் கடந்த 751 கொழுந்து பறிப்போரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. அண்மைப் பார்வைக்கான எளிய கண்ணாடி பெற்றவரின் கொழுந்து நிறையில் ஏற்பட்ட உயர்வு, பெறாதவரின் உயர்வைவிட ஏறத்தாழ 22 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. நாற்பதைத் தாண்டியபின் அண்மைப் பொருள் மங்குவது மனித இயற்கை. அதற்குரிய கண்ணாடி மிக மலிவானது. இவ்வாய்வை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தொழிலாளியின் கண்ணைக் கொழுந்தின் நிறையால் மட்டும் அளப்பது தகுமா? சம்பளச் சிட்டையைப் படிக்கவும், மகள் எழுதிய கடிதத்தைப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும் அதே கண்தானே வேண்டும்?

மறுபக்கத்தில் சந்தை என்ன செய்கிறது? 1961இல் இத்தாலியின் அகோர்டோ என்ற சிற்றூரில் உதித்த லக்சொட்டிக்கா நிறுவனம் 1999இல் ரேபானை வாங்கிற்று. பின்னர் ஓக்லியும் அதனிடம் சேர்ந்தது. 2018இல் வில்லை செய்யும் பிரெஞ்சு நிறுவனமான எசிலோருடன் அது இணைந்தது. கடையில் பல பெயர்கள் மின்னுகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு உடைமையாளர் ஒருவரே. 1927 நவம்பரில் கண்டிக்கும் வந்து சென்ற காந்தியடிகளின் எளிய வட்டக் கண்ணாடியும் சந்தைக்குத் தப்பவில்லை. அவருடையதெனக் கூறப்பட்ட ஒன்று 2020இல் இங்கிலாந்தில் 2,60,000 பவுணுக்கு ஏலம் போயிற்று.

கண்ணாடி தேர்வு செய்வோர் மனங்கொள்ளவேண்டியவை சில உள. வில்லையின் நடுப்புள்ளி கண்மணியின் நேரே அமைய வேண்டும். சட்டத்தின் பாலம் நம் மூக்குக்குப் பொருந்த வேண்டும். ஐரோப்பிய மூக்குக்கு வார்த்த சட்டம் நம்மவர் பலருக்கு வழுக்கி இறங்கும். கறுப்புக் கண்ணாடியின் கருமை பாதுகாப்புக்குச் சான்றன்று. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கரிய வில்லை, கண்மணியை விரியச் செய்து தீங்கையே கூட்டக்கூடும். உயரம் ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் அக்கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் மிகுமாதலால், மலைச்சரிவில் நாள் முழுதும் நிற்பவருக்கே அப்பாதுகாப்பு முதலில் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது இங்கேதான் இருக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று பின்வாங்கில் இருத்தாதிருப்போம். தோட்டப் பள்ளிதோறும் கண் பரிசோதனை ஆண்டுதோறும் நடைபெறக் கோருவோம். அவ்வாறு கொடுக்கப்படும் கண்ணாடி ஒரே அச்சில் வார்த்த தர்மப் பொருளாக இல்லாது, பத்துச் சட்டங்களை மேசையில் பரப்பி, அப்பிள்ளை தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத் தானே தெரிந்தெடுப்பதாக இருக்கட்டும்.