வீடும் வளவும் குடியும்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவர் முதன்முதற் கற்கும் சொற்களுள் ‘ஹவுஸ்’ என்பது ஒன்று. அதன் பொருள் வீடு என்று ஆசிரியர் கூறிவிட்டு மேலே செல்வார். பாடசாலைக்கு அவ்வளவு போதும். ஆயின், மட்டக்களப்புக்குத் தெற்கே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீண்டு கிடக்கும் முஸ்லிம் ஊர்களில் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் ஈடாகாது. அங்கே வீடு வேறு, வளவு வேறு, குடி வேறு. மூன்றும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் வரலாறு ஆகின்றது.

சுவரும் கூரையும் உடைய கட்டடம் வீடு. ‘விடு’ என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல் முன்னாளில் விடுதலையையும் குறித்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் இறுதியாக நிற்பது அப்பொருளிலேயே. வேலியடைத்த நிலம், கிணறு, தென்னைகள், முற்றம் ஆகிய எல்லாவற்றோடும் கூடிய இருப்பிடம் வளவு. செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றப் பகுதிக்கு அப்பெயர் வழங்குகின்றது. சிங்களத்தில் பிரபுக்களின் மாளிகையைக் குறிக்கும் ‘வளவ்வ’ என்பதும் இதற்கு உறவான சொல்லே. குடி என்பதோ கட்டடமுமன்று, நிலமுமன்று. அது மக்கள் வழி. வள்ளுவர் ‘குடிமை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கல்முனைக்குடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று கிழக்குக் கரையின் ஊர்ப் பெயர்களிலும் அச்சொல் நிலைத்திருக்கின்றது.

இப்பகுதியிற் குடி தாய்வழியே செல்வது. தந்தை எக்குடியினராயினும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். இத்தாய்வழியினை ‘வயிற்றுவார்’ என்றும் கூறுவர். ஒரே குடிக்குள் மணஞ்செய்வது தவிர்க்கப்பட்டது. பள்ளிவாசலின் நிருவாகத்தில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் ஒரு மரைக்காயர் அமர்ந்தார். அயலிலுள்ள காரைதீவு, பாண்டிருப்பு முதலிய தமிழ் ஊர்களிலும் இம்முறை உண்டு. அங்குக் கோயிலில் குடியின் சார்பாக நிற்பவர் வண்ணக்கர். சமயம் இரண்டாயினும் குடிமுறை ஒன்றாக இருப்பது இக்கரையின் தனித்தன்மை.

இவ்வொற்றுமை எவ்வாறு ஏற்பட்டது? முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை அவர்களுக்கு மணஞ்செய்து கொடுத்தனர் என்றும் வாய்மொழி வரலாறு கூறும். மணமகளோடு அவளுடைய குடியும் வந்தது என்பது அக்கதையின் உட்பொருள். எழுத்திற் பதிந்த செய்தியும் ஒன்றுண்டு. 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு, பலரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அவர்கள் 4,000 பேர் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்த கணக்கு.

தமிழரிடையே முதுசொம் என்னும் பரம்பரைச் சொத்தைத் தாய்வழியே சேர்த்த முக்குவர் சட்டம், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வழக்கிழந்தது. முஸ்லிம்களுக்கோ இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. அதன்படி மகனுக்குரிய பங்கு மகளுக்குரியதைப் போல் இருமடங்கு. ஆயினும் வீடு மகளிடமே சென்றது. இதன் வழி எளியது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, திருமண வேளையில், வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிடுவர். இறந்தபின் பங்கிடுவதற்கு வீடு எஞ்சியிருப்பதில்லை.

மூத்த மகள் மணமானதும் அவளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்துப் பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவதுண்டு. பின்னர் அடுத்த மகளுக்கு மற்றொரு வீடு எழும். இவ்வாறு ஒரே வளவிலும் அயல் வளவிலும் தாயும் பெண்மக்களும் சகோதரிகளுமாக வாழ்வர். ஆண்மக்கள் வெளியேறி, தத்தம் மனைவியர் வீட்டுக்குச் செல்வர். சகோதரிக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் திருமணத்தை ஒத்திப்போட்டு உழைக்கும் சகோதரனை அவ்வூர்களிற் காணலாம். வயல் விளைச்சலும் கைத்தறி வருவாயும், பிற்காலத்தில் அரபு நாடுகளிலிருந்து வந்த பணமும் இவ்வாறே சுவர்களாயின. மணமகன் வீட்டாரின் கேள்வி மிகுந்தபோது இவ்வழக்கமே பெண்ணைப் பெற்றோருக்குப் பெருஞ்சுமையாயிற்று என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இங்கு ஆங்கிலச் சொல்லை மீண்டும் நோக்குவது பயன் தரும். கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’ என்னும் சொல்லின் முற்பகுதி வீட்டைக் குறிப்பதே. வடநாட்டு நோர்ஸ் மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் முதற்பொருள், வீட்டை உடையவன் என்பது. தமிழோ வீட்டைப் பெண்ணின் பெயரோடு இணைத்தது. இல்லாள், மனைவி, மனையாள் என்பன யாவும் வீட்டின் பெயரிலிருந்து பிறந்தவை. இல்லாளுக்கு ஆண்பாலாக இல்லான் எனின், அது பொருளற்ற வறியவனையே குறிக்கும். வீட்டுக்காரர் என்று கணவனைச் சுட்டும் பேச்சு வழக்கு உண்டு. ஆயினும் கல்முனைக் கரையில் அவர் அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்தவரேயாவார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கடலோரத்தில் நெருங்கியிருந்த வளவுகள் வேலியும் எல்லையும் தெரியாமல் அழிந்தன. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் மீண்டும் கட்டலாகாது என அரசு முதலில் விதித்தது; அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. உள்நாட்டிற் புதிய வீட்டுத் திட்டங்கள் எழுந்தன.

அப்போதுதான் ஒரு சொல்லின் வேற்றுமை எத்துணைப் பெரிது என்பது புலனாயிற்று. உதவிப் படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று வினவின. பல படிவங்களில் அவ்விடத்தை நிரப்பியது கணவன் பெயர். கடல் கொண்டுபோன வீட்டின் உறுதி மனைவியின் பெயரில் இருந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீடு கணவனின் பெயரில் வந்தது. தாய் மகளுக்குக் கொடுத்துவந்த ஒன்று, தீமை செய்யும் நோக்கம் எவருக்கும் இல்லாமலே, ஒரு கட்டத்தின் நிரப்பலால் கைமாறிற்று. ஆய்வாளரும் பெண்கள் அமைப்பினரும் இதனைச் சுட்டிக்காட்டினர். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியாற் கட்டப்பட்ட 500 வீடுகளோ, வழக்கினால் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. அங்கே வீடு இருந்தது, குடி இல்லை.

அகராதி ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். வீடு கட்டிக் கொடுக்க வருபவர் அங்கே நின்றுவிடலாகாது. அவ்வீடு யாருடைய வளவில் நின்றது, எந்தக் குடியின் மகளுக்கு உரியது என்று கேட்டறிந்த பின்னரே உறுதியில் பெயர் எழுதுதல் வேண்டும்.