பொந்தியானிலிருந்து காடேறுவோருக்கு இருவர் தங்கும் இரட்டைச் சுவர்க் கூடாரம்

பொந்தியான் வட்டாரத்து இளைஞர்களுக்கு மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூலாய் பக்கம் உள்ள 654 மீட்டர் உயர புலாய் மலைதான். பெரும்பாலோர் காலையில் ஏறி, மதியத்திற்குள் இறங்கி, பெக்கான் நானாஸில் அன்னாசி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள். அதற்குக் கூடாரம் தேவையில்லை. தங்காக் மாவட்டத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையில் இரவு தங்க வேண்டும், எண்டாவ் ரொம்பின் காட்டில் இரண்டு நாள் நடக்க வேண்டும் என்று ஆசை வளரும்போதுதான் கூடாரக் கேள்வி வருகிறது.

அப்போது பலர் செய்யும் தவறு, குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக வாங்கிய நால்வர் கூடாரத்தையே முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புவது. கார் பூட்டில் வைத்துக் கொண்டுபோக அது சரி. நான்கைந்து கிலோ எடையை, சோறு, தண்ணீர், மாற்றுத் துணி ஆகியவற்றோடு சேர்த்து மேட்டில் ஏற்றும்போதுதான் அதன் வலி தெரியும். தூக்கி எறிந்தால் தானே விரியும் கூடாரங்களும் அப்படித்தான். விரிப்பது இரண்டு வினாடி. ஆனால் மடித்தால் பெரிய வட்டத் தட்டாகிவிடும், முதுகுப்பைக்குள் போகாது.

இரட்டைச் சுவர் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்க அதிக நேரம் பிடிக்காது. தகரக் கூரையின் கீழே கொசுவலை கட்டிப் படுப்பதுதான் அது. உள்ளே தரையோடு தைத்த வலைக் கூடாரம். அதற்கு மேல், அதைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கும் மழைத்துணி. கடைக்காரர்கள் இதை ‘ஃப்ளை’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். வேலை செய்வது அந்த இடைவெளிதான்.

காரணம் எளிது. ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர். விடியற்காலையில் மழைத்துணி குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் உட்புறத்தில் துளித்துளியாகப் படியும். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அந்த ஈரம் நேராகப் போர்வை மேல் சொட்டும். அல்லது புரண்டு படுக்கும்போது தோளில் ஒட்டும். இரட்டைச் சுவரில் அது வலைக்கு வெளியே வழிந்து இறங்கிவிடும். “என் கூடாரம் ஒழுகுகிறது” என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் ஒழுகியிருக்காது. சொந்த மூச்சுதான் திரும்பி வந்திருக்கும்.

மலேசியர்களில் முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாள் 1997 மே 23. ஆனால் அத்தகைய பயணத்துக்கான கூடாரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது வீண். பனியையும் புயல்காற்றையும் தாங்க அவை கெட்டித் துணியால் மூடியிருக்கும். ஜொகூரின் தாழ்நிலத்தில் இரவிலும் 24 டிகிரிக்கு அருகே வெப்பம் நிற்கும்போது அதற்குள் படுத்தால் வெந்துபோவோம். நமக்கு வேண்டியது மேற்பாதியாவது முழுக்க வலையாக இருக்கும் உட்கூடாரம். லேடாங் உச்சியில் குளிருமே என்றால், உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் 6 டிகிரி குறையும், அவ்வளவுதான். ஒரு மெல்லிய போர்வை அதற்குப் போதும்.

வலையிலும் ஒரு கவனம் வேண்டும். கொசுவுக்குப் போதுமான கண் அளவு, ‘அகாஸ்’ என்னும் பொடி ஈக்குப் போதாது. தஞ்சோங் பியாய், கூக்குப் பக்கத்துச் சதுப்பு நிலக் கரையில் மாலை நேரம் நின்றவர்களுக்கு அதன் கடி தெரியும். வாங்கும்போது வலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நெருக்கமாக, லேசாகக் கறுத்துத் தெரிந்தால் நல்லது.

எடைக்கு ஓர் அளவுகோல் உண்டு: இருவர் கூடாரம் மொத்தம் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருவர் மழைத்துணியையும் கம்புகளையும் சுமந்து, மற்றவர் உட்கூடாரத்தையும் முளைகளையும் சுமந்தால் தலைக்கு ஒரு கிலோதான். விளம்பரத்தில் பெரும்பாலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று துணியும் கம்பும் மட்டும். மற்றொன்று முளை, கயிறு, பை எல்லாம் சேர்ந்தது. பெரிய எழுத்தில் போடுவது முதல் எடையை. முதுகு சுமப்பது இரண்டாவதை. வீட்டுக்கு வந்ததும் தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

‘இருவர்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. சாதாரண படுக்கை விரிப்பு ஒன்றின் அகலம் 51 செ.மீ. கூடாரத் தரை 125 முதல் 130 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டு விரிப்புகள் போட்டபின் ஒரு கையகலம்தான் மிஞ்சும். கணவன் மனைவிக்குச் சரி. அண்ணன் தம்பிக்குச் சமாளிக்கலாம். இரண்டு பருத்த நண்பர்களுக்கு நட்பு கெடும். நீளம் 210 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆறடி ஆள் காலை நீட்டினால் பாதம் துணியில் முட்டி, மேலே படிந்த ஈரம் உள்ளே வந்துவிடும். சில கூடாரங்கள் கால் பக்கம் ஒடுங்கும். அவற்றில் அந்த ஒடுங்கிய பக்கத்தை அளந்து பாருங்கள்.

கதவு விஷயத்தில் தயங்க வேண்டியதில்லை, இரண்டு கதவுகள்தான் நல்லது. நள்ளிரவில் எழுபவர் மற்றவரைத் தாண்டிப் போக வேண்டாம். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் மழைத்துணி நீண்டு ஒரு சின்னத் திண்ணை அமையும். சேறு பிடித்த சப்பாத்து, ஈரப்பை எல்லாம் அங்கே. ஆனால் அந்தத் திண்ணையில் அடுப்பு மூட்டக் கூடாது. மழை பெய்கிறதே என்று எல்லாக் கதவையும் மூடிவிட்டு கேஸ் அடுப்பு வைத்தால், நைலான் பற்றிக்கொள்வது ஓர் ஆபத்து. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய ஆபத்து.

துணியில் நைலானா பாலியஸ்டரா என்பது பழைய வாக்குவாதம். நைலான் இலேசானது, கிழியாமல் தாங்கும். ஆனால் நனைந்தால் தளர்ந்து தொங்கும். இரவு பாதியில் மழைத்துணி வலையைத் தொட்டுவிடும். அப்படிப்பட்டதை வாங்கினால் படுக்கும் முன் இழுகயிறுகளை ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். பாலியஸ்டர் கொஞ்சம் கனம், ஆனால் தொங்காது, வெயிலையும் அதிகம் தாங்கும். நம் மழைக்கும் வெயிலுக்கும் பாலியஸ்டரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். துணி மேல் எவ்வளவு உயர நீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதே அது. மேல்துணிக்கு 1,500, தரைக்கு 3,000 இருந்தால் போதும். முழங்கால் ஊன்றும் அழுத்தம் தரையில்தான் விழுகிறது என்பதால் அங்கே கூடுதல் வேண்டும். மிக மலிவான கூடாரங்களில் இந்த எண்ணே இருக்காது. கம்பு அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் கம்பு பிளந்தால் சிலாம்பு கையைக் குத்தும், துணியையும் கிழிக்கும்.

மாலை 4 மணி மழைக்கு நடுவே கூடாரம் போட நேர்வது நம் நாட்டில் சாதாரணம். பெரும்பாலான கூடாரங்களில் முதலில் வலையை நிறுத்தி, பிறகு மழைத்துணி போர்த்த வேண்டும். அதற்குள் தரை குளமாகிவிடும். மழைத்துணியை முதலில் நிறுத்தி, உள்ளே நின்று வலையை மாட்டும் அமைப்பு சில மாதிரிகளில் உண்டு. சுவீடனின் ஹில்பெர்க் கூடாரங்களில் இரண்டும் சேர்ந்தே எழும். அவை விலையும் அதிகம், நம் வெப்பத்துக்குக் காற்றோட்டமும் குறைவு. வலையை முதலில் நிறுத்தும் வகை கையில் இருந்தால், மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே வேலையை முடிப்பதே வழி.

இணையக் கடைகளில் மலேசியர்கள் அதிகம் வாங்குவது நேச்சர்ஹைக் நிறுவனத்தின் கிளவுட் அப் 2. ஒன்றரைக் கிலோவைச் சுற்றி எடை, சில நூறு வெள்ளி விலை. ஒரே கதவு, அதுவும் தலைமாட்டில். முதல் கூடாரத்துக்கு அது மோசமில்லை. பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர், எம்.எஸ்.ஆர். ஹப்பா ஹப்பா போன்ற அமெரிக்கக் கூடாரங்களுக்கு இரண்டு கதவு உண்டு, எடையும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியே. விலைதான் நான்கைந்து மடங்கு. ஆண்டுக்கு இரண்டு முறை போகிறவர் அந்தப் பணத்தை நல்ல சப்பாத்துக்குச் செலவிடலாம்.

பொந்தியான் மண்ணுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அன்னாசி விளையும் கரிச்சதுப்பு மண் மெத்தென்று இருக்கும். கூடாரத்தோடு வரும் குச்சி முளை வெண்ணெயில் குத்தியதுபோல் உருவிக்கொண்டு வரும். கடற்கரை மணலும் அப்படியே. கம்பு மாட்டியதும் தானே நிற்கும் கூடாரமாக இருந்தால் பாதிக் கவலை தீரும். நடைக்கோல் ஊன்றி இழுத்துக் கட்டும் இலேசு வகை இங்கே படுத்துவிடும். நீண்ட, ஒய் வடிவ முளைகளைத் தனியாக வாங்குங்கள். மணலில் பிளாஸ்டிக் பையை மணலால் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்தால் அசையாது.

தானே நிற்கிறது என்று கயிறு கட்டாமல் விடுவதும் தவறு. மலாக்கா நீரிணையைப் பார்த்த கரை இது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன் சுமத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ஆள் இல்லாத கூடாரம் காற்றாடியாகும்.

எந்தக் கூடாரமும் காப்பாற்றாத ஒன்று உண்டு. 2001 டிசம்பர் இறுதியில் வாமேய் புயல் ஜொகூரைத் தாக்கியபோது புலாய் மலையில் மண் சரிந்து வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஐவர் இறந்தனர். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் சரிவு விழுந்தபோது, கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 31 பேர் மாண்டனர். ஆகவே கூடாரத்தின் விலையைக் கேட்கும் முன் அது நிற்கப்போகும் இடத்தைக் கேட்க வேண்டும். வெட்டிய சரிவின் அடியில் வேண்டாம். ஆற்றோர மணல்திட்டில் வேண்டாம்; மலையில் பெய்த மழை, ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் நீர்ப்பெருக்காக வானம் தெளிந்திருக்கும்போதே வந்துவிடும். செத்த கிளை தொங்கும் ரப்பர் மரத்தின் கீழும் வேண்டாம். காய்ப்புக் காலத்தில் டுரியான் மரத்தடி எவ்வளவு நிழலாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம். தொடர்மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். லேடாங், எண்டாவ் ரொம்பின் இரண்டுக்கும் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். எங்கே தங்கலாம் என்பதை அவர்களே சொல்வார்கள்.

உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்கு வலையைக் கிழிக்க அரை நிமிடம் போதும்.

வாங்கிய கூடாரத்தை முதன்முதலாகக் காட்டில் பிரிக்கக் கூடாது. வீட்டு முன்னாலோ பள்ளித் திடலிலோ நிறுத்தி, தண்ணீர்க் குழாயால் கால் மணி நேரம் அடித்துப் பாருங்கள். தையலில் கசிந்தால் அதற்கான பசை கடையில் கிடைக்கும், அல்லது கூடாரத்தையே மாற்றிக்கொள்ளலாம். தரைவிரிப்பு ஒன்று அடியில் போடுவதாக இருந்தால் அது மழைத்துணிக்கு வெளியே நீட்டாமல் இருக்கட்டும். நீட்டினால் மழையை வாங்கி அடியில் தேக்கும்.

திரும்பி வந்த அன்றே துணிக்கொடியில் நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்துக் கார் பூட்டில் போட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஓரிரு ஆண்டில் உட்பூச்சு பிசுபிசுத்து நாற்றமெடுக்கும்; நம் ஈரக் காற்றில் இது சீக்கிரமே நடக்கும், அதன்பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. காய்ந்தபின் அதன் சொந்தப் பையில் இறுக்கித் திணிக்காமல், பழைய தலையணை உறைக்குள் தளர்வாக வைத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம்.