சித்திரைப் பிள்ளையும் ஆடி மருமகளும்

‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்ற சொலவடையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் குறைவு. சித்திரையில் பிள்ளை பிறந்தால், அதுவும் தலைப்பிள்ளையாகப் பிறந்தால், தகப்பனுக்கு ஆகாது, குடும்பம் நொடித்துவிடும் என்பது அதன் பொருள். சோதிடம் கற்றவர்கள் சிலர், அது மாதத்தை அல்ல, சித்திரை நட்சத்திரத்தைக் குறிக்கிறது என்று திருத்துவார்கள். வீடுகளில் அந்தத் திருத்தம் எடுபட்டதில்லை. மாதம் என்றே கொண்டு, பின்னோக்கி எண்ணி, ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கணக்கு ஏறத்தாழச் சரிதான். கரு உருவாகிச் சராசரியாக 266 நாளில் குழந்தை பிறக்கிறது. ஜூலை 17-இல் ஆடி பிறந்தால் ஏப்ரல் 9. ஆகஸ்ட் 16-இல் ஆடி முடிந்தால் மே 9. ஆவணியின் முதல் சில நாட்களும் சித்திரையில்தான் கொண்டுபோய் விடும். ஆனால் ஆவணி பிறந்ததும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம், முகூர்த்தங்களும் தொடங்கிவிடுகின்றன.

கத்திரி வெயிலில் தாயும் சேயும் வாடக் கூடாது என்றுதான் முன்னோர் இப்படி வைத்தார்கள் என்று இன்று எல்லோரும் விளக்குகிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அதில் பாதிக்கு மேல் வைகாசி. வைகாசிப் பிள்ளையைப் பற்றி ஒரு சொலவடையும் இல்லையே? வெயில்தான் காரணம் என்றால், நான்காவது பிள்ளையைச் சுமப்பவளுக்கும் வெயில் உண்டுதானே? அவளை எந்த ஆடியிலும் யாரும் தாய்வீட்டுக்கு அனுப்பியதில்லை. விதி புது மருமகளுக்கு மட்டும்.

பெரியம்மை இருந்த காலத்தில் அது கோடையை ஒட்டித்தான் மும்முரமாகப் பரவும். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. சொலவடை இருக்கிறது. அதன் வாசகத்தையே பாருங்கள்: தாய் செத்துப்போவாள் என்றோ பிள்ளை பிழைக்காது என்றோ அது சொல்லவில்லை. கவலை முழுவதும் அப்பனைப் பற்றியது.

இதில் வேடிக்கை, சோதிடமே இதற்கு எதிராகப் பேசுகிறது. சித்திரை என்பது சூரியன் மேஷ ராசியில் இருக்கும் மாதம். மேஷத்தில் சூரியன் உச்சம். தகப்பனைக் குறிக்கும் பிதுர்காரகனும் சூரியனே. அப்படியானால் சித்திரைப் பிள்ளையால் தகப்பனுக்கு நன்மையல்லவா வர வேண்டும்! ராமனின் ஜாதகத்தை எழுதுகிறவர்கள்கூடச் சூரியனை மேஷத்தில்தான் போடுகிறார்கள். தசரதன் புத்திர சோகத்தில் செத்தான். அதற்குப் பிள்ளை பிறந்த மாதத்தை யாரும் குறைசொல்லவில்லை. கைகேயியும் மந்தரையும் இருக்கும்போது மாதம் எதற்கு?

அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14. நம் கணக்கில் அது சித்திரை. அவருடைய தந்தை ராம்ஜி, மகன் பி.ஏ. தேறியதைப் பார்த்துவிட்டு 1913-இல்தான் இறந்தார். தாய் பீமாபாய் மகனின் சிறுவயதிலேயே போய்விட்டார். அம்பேத்கர் அவருக்குப் 14-ஆவது பிள்ளை. ஒரு பெண்ணை 14 முறை பிரசவிக்க வைப்பது ஆகாது என்று எந்த மாதத்தின் மீதும் சொலவடை கட்டப்படவில்லை.

என் பெரியம்மா சித்திரைப் பிள்ளை. நான்கு வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவர். அதன்பின் அம்மாச்சி வீட்டில்தான் வளர்ந்தார். மூத்த மகளாக இருந்தும் தங்கையின் கல்யாணத்தில் அவர் முன்னே நின்றதில்லை. அதே பெரியம்மாதான், ஆடியை நான் குறைசொன்னால் மறுப்பார். “போடி, அந்த ஒரு மாசந்தான் விடியிற வரைக்கும் தூங்குனேன்” என்பார். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாமியார் வீட்டில் புதிதாக நுழைந்தவளுக்கு ஆடி ஒரு விடுமுறை. அதற்கான செலவு மட்டும், ஆடிச்சீராகவும் மாப்பிள்ளை விருந்தாகவும், அவளைப் பெற்றவர்கள் தலையில் விழுந்தது.

மாதம் தவறினால் ஆணுக்கும் கெட்ட பெயர் உண்டு என்று வாதிடலாம். உண்டு. ஆனால் ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதன் மூலவடிவம் ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்’ என்றும், ஆனி மாத மூலத்தில் பிறந்தவர்க்குச் சிறப்பு என்பதே பொருள் என்றும் சோதிடர் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனி ஆணாகவும் பின் பெண்ணாகவும் மாறியது நாக்குப் பிசகு மட்டும்தானா? எந்தப் பக்கம் பிசகினால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. மாமனாருக்கு ஆகாது என்று தள்ளிவிடப்பட்ட மூல நட்சத்திரப் பெண்களுக்கு இந்தப் பாடபேத ஆராய்ச்சியால் பயன் ஒன்றும் இல்லை.

இப்போது தம்பதியைப் பிரிப்பது குறைந்துவிட்டது. வேலை வேறு ஊரில், வாடகை வீட்டில் இருவர் மட்டும். யார் வந்து அழைத்துப்போவது? பதிலுக்கு நாள் குறிப்பது அறுவை அரங்குக்கு நகர்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். எல்லாமே நாள் பார்த்துச் செய்தவை அல்ல, உயிர் காத்தவை நிறைய. ஆனால் பங்குனி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 39 வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். என் உறவில் ஒருத்திக்கு 37-ஆவது வாரத்தில், பங்குனி 28-இல் எடுத்தார்கள். குழந்தை மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெளியே மாமனார் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். தையல் வலியோடு படுத்திருந்தவளிடம் தேதி பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். “கையெழுத்து மட்டும் வாங்குனாங்கக்கா” என்றாள்.